பத்து விரலும் விழ வேண்டும்

கை வியர்க்கக் கூடாது. வியர்த்தால் வழுக்கும், வழுக்கினால் ரேகை விழாது, ரேகை விழாவிட்டால் விசா இல்லை, விசா இல்லாவிட்டால் அங்கே ஒஹாயோவில் மகள் இந்துமதி தனியாகக் கிடந்து பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டியதுதான், அதனால் கை வியர்க்கக் கூடாது என்று செக்குமாடு மாதிரி ஒரே தடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது பூங்காவனத்தின் மனசு. வெளியே மார்கழி, சென்னை அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளே அதற்கும் மேல் ஒரு மார்கழி ஊதிக்கொண்டிருந்தது. இருந்து என்ன, முன்னால் நிற்கிற டை கட்டிய பெரிய மனுஷனுக்கே பிடரியில் வியர்க்கிறபோது, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறவளுக்கு உள்ளங்கை மட்டும் காய்ந்து கிடக்குமா? இரண்டு கையையும் உடம்பில் படாமல், மருதாணி வைத்த கல்யாணப்பெண் மாதிரி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பது வயசுக்கு மேல் இது ஒரு அலங்காரம். போன தடவை வந்தபோது வலது கை விழுந்தது, இடது கை விழவில்லை. எப்படி விழும்? வலது கை கட்டை பிடித்து அடிக்கிற கை. இடது கைதான் கொட்டையைப் பிடித்துக்கொடுக்கிற கை. ஒவ்வொரு அடிக்கும் ஓட்டிலிருந்து தெறிக்கிற எண்ணெய் அத்தனையும் அதற்குத்தான், தோலைத் தின்னுகிற எண்ணெய், கல்யாணமாகி வந்த நாளாகத் தின்றுகொண்டிருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி, முகம் சுளிக்கவில்லை. "ரெண்டு வாரம் கைய சும்மா வெச்சிருந்துட்டு வாங்கம்மா, புதுத்தோல் வந்துடும்" என்றாள். இன்றைக்கும் விழாவிட்டால் அடுத்த தேதி கிடைப்பதற்குள் பிள்ளை பிறந்து, குப்புறக் கவிழ்ந்து, தவழவே ஆரம்பித்துவிடும். வரிசை ஒரு அடி நகர்ந்தது.

சும்மா வைத்திரு என்று சொல்லிவிடலாம், சும்மா இருக்கிற கையை எங்கே வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தரவில்லையே. மடியில் வைத்தால் கனக்கிறது. தொங்கவிட்டால் ஆடுகிறது. விளக்குமாறைக் கண்டால் தானாக நீள்கிறது, "ஏய், ஏய்" என்று புருஷன் ராஜமாணிக்கம் எங்கிருந்தோ கத்துகிறார். அந்த மனுஷன் வாசலில் குந்திப் பாத்திரம் தேய்த்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அடிப்பிடித்த சட்டியை அவர் தேய்த்த தேய்ப்பில் சட்டிக்கே ரேகை போயிருக்கும். எதிர்வீட்டுச் சரசு சும்மா இருப்பாளா? "என்னாக்கா, விசா மாமாவுக்குத்தான் மொதல்ல வந்துடுச்சி போலருக்கே, அமெரிக்கா ஆம்பளையாட்டம் ஒக்காந்து தேய்க்கிறாரே" என்று கேட்டுவிட்டுப் போனாள். வாய்தான் அப்படி, வெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான். ஆளாளுக்கு வைத்தியம். சரசு வெண்ணெய் என்றாள், நாத்தனார் சோற்றுக்கஞ்சி என்றாள், மாப்பிள்ளை போனில் ஏதோ களிம்பு என்றார், எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிப் பூசிக் கையில் ஒரு சமையலே நடந்தது. காலையில் எழுந்ததும் வெளிச்சத்தில் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் இரண்டும் வழவழவென்று, தேய்ந்த படிக்கட்டு மாதிரி. ஒரு நாள் கட்டைவிரல் ஓரத்தில் ஒரு வரி, மெல்லிசாக. அதற்கு மறுநாள் பக்கத்தில் இன்னொன்று. "வந்துடுச்சிங்க, வந்து பாருங்க" என்று கத்தினாள். புருஷன் சோப்பு நுரையோடு ஓடிவந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அது வெண்ணெய்டி" என்றார். இல்லை, ரேகைதான். அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். ரேகைதானே? இப்போது பார்த்தால் தெரியவில்லையே. இந்த வெள்ளை விளக்கில் எதுவும் தெரியாது. இந்த விளக்கில் தன் கையே யாரோ ஒருத்தியின் கை மாதிரி இருக்கிறது, பார்க்காதே, பார்க்கப் பார்க்கத்தான் வியர்க்கும்.

ரேஷன் கடை மெஷினும் இப்படித்தான் படுத்தும். அந்தக் கடைக்காரன் குரல் இப்போதும் காதுக்குள்ளே நிற்கிறது. "அமுக்கும்மா, நல்லா அமுக்கு, இன்னும் அமுக்கு." அமுக்கி அமுக்கி நகம் வெளுத்துப் போனதுதான் மிச்சம். மெஷின் சிவப்பாக முறைக்கும், பின்னால் நிற்கிற கூட்டம் உச்சுக்கொட்டும், ஒரு படி அரிசிக்குக் களவாணி மாதிரி நிற்க வேண்டும். கடைசியில் புருஷன் வந்து விரல் வைத்தால்தான் அரிசி. இத்தனைக்கும் அவள் கைநாட்டு இல்லை. அதில் அவளுக்கு ஒரு திமிர் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் மகளிர் குழுவில் மையை நீட்டியபோது கட்டைவிரலைத் தேய்த்துவிட்டு வந்தவளைப் பார்த்து மாமனார், "நம்ம வூட்டுக்கு ஒரு கைநாட்டு வந்து சேந்துருக்கு" என்று சிரித்தார். அவர் மட்டும் என்ன பாரிஸ்டரா? அந்தச் சிரிப்புக்காகவே இரவு வகுப்புக்குப் போனாள், இந்துமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள், பூ மட்டும் ஒரு மாசம், ங்கா ஒரு மாசம், கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தபோது அழுகையே வந்துவிட்டது. இனிமேல் செத்தாலும் மை தொட மாட்டேன் என்று சபதம். செத்த பிறகு யார் தொட்டால் என்ன. இப்போது பார், பெயரை எழுதத் தெரிந்தவளைக் கூப்பிட்டு ஒரு விரல் போதாது, பத்து விரலையும் வை என்கிறார்கள். அந்த எரிச்சலில் நிமிர்ந்தவள் கவுண்டரைப் பார்த்தாள். டை கட்டிய பெரிய மனுஷன் கண்ணாடிப் பலகைமேல் நாலு விரலை வைத்துக்கொண்டு, வாத்தியாரிடம் அடிக்குக் கை நீட்டுகிற பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அதற்கு முன்னால் டாக்டர் மாதிரி ஒரு அம்மாள். அதற்கு முன்னால் காதில் ஏதோ மாட்டியிருந்த கம்ப்யூட்டர் பிள்ளைகள். கோட்டு, வாட்ச்சு, படிப்பு, பதவி, அத்தனை பேரும் வரிசையாக வந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள், அதுவும் பத்து விரலுக்கு! பொத்துக்கொண்டு வந்துவிட்டது சிரிப்பு. பின்னால் நின்ற சுடிதார்ப் பெண், மேல்படிப்புக்குப் போகிறவள், "என்ன ஆன்ட்டி?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா. எங்க மாமனாரு இருந்து பாத்திருக்கணும்." அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். அவளுக்கும் பயம்தான் போலிருக்கிறது, பாவம்.

சிரித்த வாய் மூடுவதற்குள் அந்த போன் மனசுக்குள் வந்துவிட்டது. எப்போதும் இப்படித்தான், கொஞ்சம் சிரித்தால் போதும், பின்னாலேயே அந்த போன் மணி அடிக்கும். போன வருஷம் தைமாசம். கொட்டைக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், கை முழுக்க எண்ணெயும் சாம்பலும். இந்துமதி கூப்பிடுகிறாள் என்று சரசு ஓடிவந்தாள். போனைத் தொட முடியாது, அந்தக் கையால் தொட்டால் போனும் வெந்துவிடும், சரசுதான் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, வலிக்குது. ரத்தம் வருது." ஆறாம் மாசம். மாப்பிள்ளை வேறு ஊருக்கு வேலையாகப் போன நேரம், வெளியே முழங்கால் மட்டும் பனி, ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது, அதுவரைக்கும் யாராவது பேச வேண்டும் என்று பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறது. அம்மா என்ன சொன்னாள்? "பயப்படாத, தண்ணி குடி." தண்ணி குடியாம். ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் ரத்தத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குச் சொல்ல இதுதான் வாயில் வந்தது. தலையைப் பிடிக்க வேண்டிய கை, முதுகைத் தேய்க்க வேண்டிய கை, இங்கே கொட்டைக் குவியலுக்கு மேலே பிசுபிசுவென்று ஆகாசத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் போன் அடங்கிவிட்டது. பிள்ளை தங்கவில்லை. இந்துமதி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, அழுததுகூட இல்லை, அதுதான் பயம். இப்போது மறுபடி வயிற்றில் தங்கி, ஒன்பதாம் மாசம் தொடங்கி, டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். தண்ணி குடி, தண்ணி குடி. இந்தத் தடவை தண்ணீரைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும், தாயே, மாரியாத்தா, அவ்வளவுதான் கேட்கிறேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். நெற்றியில் ஒரு கோடு இழுத்தாள். மனசு அங்கே பனிக்குள் நின்றது, கதவு தட்டுகிற சத்தத்தில் நின்றது, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று துடித்தது. "அம்மா, வாங்க" என்று கவுண்டரிலிருந்து குரல் வந்தபோதுதான் கீழே பார்த்தாள்.

பத்து விரலும் வெள்ளை வெளேரென்று இருந்தன. மீதித் திருநீறு பூராவையும் கை தானாக எடுத்துக் குழைத்து, இடுக்கு விடாமல், நகக்கண் விடாமல் பூசி முடித்திருந்தது. கொட்டைக் குவியல் முன்னால் உட்காருகிறபோது சாம்பல் பூசுகிற பூச்சு. எண்ணெய் சுடாமல் இருக்கத் தினமும் பூசுகிற பூச்சு. பயந்தால் வேலை செய், வேலைக்கு முன்னால் சாம்பல் பூசு என்று இந்தக் கைகளுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. அடிப்பாவிக் கைகளே! ரெண்டு வாரம் ராணியாட்டம் வைத்திருந்தேனே, வெண்ணெய் ஊட்டினேனே, தாலி கட்டினவனைப் பாத்திரம் தேய்க்கவிட்டேனே, வாசலுக்கு வந்து இப்படியா கவிழ்ப்பீர்கள்? முந்தானையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ரேகை இருந்த இடத்தில் எல்லாம் வெள்ளை போய் அப்பிக்கொண்டது. போன தடவை இருந்த அதே பெண்தான். அடையாளம் தெரிந்துகொண்டாள், சிரித்தாள், கையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "என்னம்மா இது கையில?" "துன்னூரும்மா." "இவ்ளோவா?" "சாமி கும்புட்டன், கை அதுபாட்டுக்குப் பூசிக்கிச்சி." அந்தப் பெண் ஈரக் காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இன்னொன்று கொடுத்தாள். "விரல் விரலா தொடைங்க. அவசரமில்ல." அவசரமில்லையாம். பூங்காவனம் விரல் விரலாகத் துடைத்தாள். இடது கை நாலு விரல். கண்ணாடி ஜில்லென்றிருந்தது. அமுக்கினாள். நல்லா அமுக்கு, இன்னும் அமுக்கு என்று ரேஷன் கடைக்காரன் காதுக்குள் கத்தினான். சிவப்பு. இன்னும் பலமாக, தோளிலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு. சிவப்பு. இந்த நிறத்தை எவன் கண்டுபிடித்தான்? எல்லாக் கதவும் சாத்துகிறபோது ஏன் இந்த நிறத்தில் சாத்துகிறது, ரத்தம் வருதும்மா, ஆமாம், வருகிறது, இங்கேயும் வருகிறது, நான் வர முடியாதுடி கண்ணு, எங்கம்மா என்னைப் பெற்றபோது கொடுத்த கையைத் தொலைத்துவிட்டேன், தண்ணி குடி.

"அம்மா. அம்மா, இங்க பாருங்க. எதுக்கு இப்பிடி அமுக்குறீங்க?" பூங்காவனம் பார்த்தாள். "அமுக்குனாத்தானம்மா விழும்?" "அமுக்குனா இருக்கிற ரேகையும் நசுங்கிப்போவும். ஒங்க கையில ரேகை இருக்கு, எனக்கு ஸ்கிரீன்ல தெரியுது, நீங்கதான் அத நசுக்குறீங்க. சும்மா வையுங்க. தூங்குற கொழந்த மேல கை வெப்பீங்கல்ல, அப்பிடி." இருக்கு. ரேகை இருக்கு என்கிறாள். இருக்கிறதை இத்தனை வருஷமாக நானே நசுக்கிக்கொண்டிருந்தேனா? அந்த ரேஷன் கடைக்காரன் மட்டும் இப்போது கையில் கிடைத்தால்! தூங்குகிற குழந்தை மேல். அது தெரியாதா என்ன. இந்துமதி பச்சைப் பிள்ளையாகத் தூங்கும்போது நடுவே மூச்சு இருக்கிறதா என்று பயந்து பயந்து தொட்டுப் பார்த்த கைதானே இது. தொட்டால் விழித்துக்கொள்ளக் கூடாது, தொடாமலும் இருக்க முடியாது. அப்படி வைத்தாள். கையில் இருந்த வருஷங்களை எல்லாம் இறக்கி வைத்த மாதிரி வைத்தாள். கண்ணாடி ஜில்லென்று இல்லை இப்போது. ஒரு சின்ன சத்தம், குருவி மாதிரி. அந்தப் பெண்ணின் முகத்தில் பச்சை வெளிச்சம் அடித்தது. "விழுந்துடுச்சி." என்னது? "நாலும் விழுந்துடுச்சிம்மா. அடுத்து வலது கை." வலது கையைப் பற்றிக் கவலை இல்லை, அது எப்போதும் சமர்த்து, வைத்ததும் குருவி கத்தியது. கடைசியில் ரெண்டு கட்டைவிரலும் சேர்த்து. இடது கட்டைவிரல், எண்ணெய் அதிகம் தின்றது, மாமனார் சிரித்தது, ரேஷன் கடை விரட்டியது, வெண்ணெயா ரேகையா என்று சண்டை போட்டது. வா தங்கமே. மெதுவா. யாரும் உன்னை அமுக்க மாட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் திரையையே பார்த்தாள். பூங்காவனம் மூச்சு விடவில்லை, மூச்சுவிட்டால் பிள்ளை விழித்துக்கொள்ளும். குருவி கத்தியது. பச்சை. "ஆத்தாடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார், பின்னால் நின்ற சுடிதார்ப் பெண் கை தட்டினாள், தட்டிவிட்டு எங்கே இருக்கிறோம் என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த சன்னலில் செம்பட்டைத் தாடி வைத்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன். "வணக்கம் அம்மா. தாங்கள் எதற்காக அமெரிக்கா செல்ல விரும்புகிறீர்கள்?" அம்மாடி, ஊர்ப் பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியார்கூட இப்படி இழுத்து மடித்துப் பேச மாட்டார். மாப்பிள்ளை போனில் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் பண்ணியது எல்லாம் போன இடம் தெரியவில்லை. தேடினாள், கிடைக்கவில்லை, தேடவும் பிடிக்கவில்லை. பத்து விரலும் விழுந்தவளுக்கு என்ன பயம்? "போன தடவ எம் பொண்ணுக்கு வலி எடுத்தப்ப நான் அங்க இல்ல சார். புள்ள தங்கல. இந்தத் தடவ நான் இருக்கணும்." அந்தப் பையன் தட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "எவ்வளவு காலம் தங்குவீர்கள்?" "புள்ளைக்குத் தல நிக்கிற வரிக்கும்." அவனுக்கு விளங்கவில்லை. இது எந்தப் புத்தகத்தில் இருக்கப்போகிறது? அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையை ஏந்திக் காட்டினாள், பிள்ளையை எடுத்தால் தலை தொங்கும், இப்படிப் பிடிக்க வேண்டும், மூணு மாசம் ஆனால் தானே நிமிர்த்திக்கொள்ளும் என்று தன் தலையையே தொங்கவிட்டு நிமிர்த்திக் காட்டினாள். "அதுக்கு மேல ஒரு நாளும் இருக்க முடியாது சார், நீங்க கெஞ்சினாலும் இருக்க மாட்டன். சித்திரையில முந்திரி காய்ப்புக்கு வந்துடும், எங்க வூட்டு ஆளு தனியா கெடந்து திண்டாடுவாரு, பாத்திரம் வேற ஒழுங்கா தேய்க்கத் தெரியாது." தாடிக்குள்ளே பல் தெரிந்தது. ஏதோ தட்டினான். பாஸ்போர்ட்டை எடுத்து அவன் பக்கமாக வைத்துக்கொண்டான். திருப்பித் தரவில்லை! திருப்பித் தராவிட்டால் நல்லது என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். "உங்கள் விசா அங்கீகரிக்கப்பட்டது அம்மா. குழந்தை நலமாகப் பிறக்க என் வாழ்த்துகள்." மகராசனா இரு, உன் தாடி வாழ்க என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நடந்தாள். நடக்கிறாளா, தரை நடக்கிறதா? தாண்டிப் போகிற ஒவ்வொரு கண்ணாடிக் கதவையும் இடது கையாலேயே தள்ளித் திறந்தாள், வேண்டுமென்றேதான், முழு உள்ளங்கையையும் பதித்து, பார்த்துக்கொள்ளுங்கள், பூங்காவனம் போகிறாள்.

வெளியே வெயில் விளாசியது. எதிர் பிளாட்பாரத்தில் பையையும் போனையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற ராஜமாணிக்கம், அவள் வருகிற நடையைப் பார்த்ததுமே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா, வியர்வையா? கேட்டால் வியர்வை என்பார். "போனைக் குடுங்க மொதல்ல." அங்கே நடுராத்திரி. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள் இந்துமதி, தூங்கவில்லை. "விழுந்துச்சிடி! பத்தும் விழுந்துச்சி! குடுத்துட்டான்!" பஸ்கள் உறுமிக்கொண்டு போயின, பூங்காவனம் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள். "இந்து? ஏ புள்ள, இருக்கியா?" இருந்தாள். மூச்சு கேட்டது, அப்புறம் குரல் வந்தது, சின்னதாக, இடுப்பில் உட்கார்ந்திருந்த வயசில் வந்த குரல். "அம்மா, இன்னிக்கி செக்கப்புக்குப் போனப்ப ஆஸ்பத்திரியில கேட்டாங்கம்மா. பிரசவத்தப்ப ரூமுக்குள்ள ரெண்டு பேரு கூட இருக்கலாமாம். ஒருத்தர் அவரு, சொல்லிட்டேன். இன்னொருத்தர் யாருன்னு கேட்டாங்க. யாரும் இல்லன்னு சொல்ல வாய் வரல. நாளைக்கிச் சொல்றேன்னு வந்துட்டேன்." அதற்கு மேல் முடியவில்லை அவளுக்கு. ஒரு வருஷமாக அழாத பிள்ளை அழுதாள், கேவிக் கேவி அழுதாள். அழட்டும், நன்றாக அழட்டும் என்று பூங்காவனம் நடு பிளாட்பாரத்தில் போனைக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு போகிறவன் வருகிறவன் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னாள். "எம் பேரச் சொல்லு. பூங்காவனம்னு சொல்லு. அவங்க வாயில நொழையலன்னா திரும்பத் திரும்பச் சொல்லு, நொழையற வரிக்கும் சொல்லு. நான் வரன்."